இருநூற்றுப் பதினான்காவது பெயர்

பஸ்ரா, எண்ணெய் வயல் முகாம்
ஜூன் 1

ரஃபல் அக்காவுக்கு,

என் நம்பரை அடைத்துவிட்டாய். அம்மா போனிலும் நீதான் அடைத்திருக்கிறாய், அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. "பேசறதா இருந்தா காகிதத்துல எழுதட்டும். எழுதினாலாவது ரெண்டு தடவை யோசிப்பான்" என்று சுஆத் அத்தையிடம் சொல்லி அனுப்பினாய். சரி, இது காகிதம். இரண்டு தடவை யோசித்துவிட்டேன். இரண்டு தடவையும் ஒன்றேதான் தோன்றுகிறது: நீ தப்பாகப் பார்த்துவிட்டாய்.

கோபப்படாமல் படி. டிவி மேசைக்கு அடியில் இருக்கும் என் பழைய லேப்டாப்பை நீ "அந்தப் பெட்டி" என்பாய். அது பெட்டி இல்லை, சின்ன சர்வர். நம் வீட்டில் யார் எந்தப் பக்கத்தை முதல் தடவை திறந்தாலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறது. அம்மா பார்த்த கிப்பா செய்முறை, நீ படித்த ரத்தப் பரிசோதனைக் குறிப்புகள், எல்லாம் அதில் இருக்கின்றன. நீ பார்த்த அரசு வேலை நியமனப் பட்டியலும் இருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது: சேமித்த நாள் மே 19, மாலை 5:12.

நேற்று இங்கிருந்து வீட்டு லேப்டாப்புக்குள் நுழைந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மொத்தம் 208 பெயர்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். உன் பெயர் இல்லை. உன் தோழி ஹதீல் பெயர் இருக்கிறது, 190. உன் பெயர் 214 என்கிறாய். 208 பேர் உள்ள பட்டியலில் 214 எங்கிருந்து வரும்?

ஆறு வருடம் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் நியமனம் இல்லாமல் உழைத்திருக்கிறாய். வேலை கிடைத்ததாகப் பார்க்க ஆசைப்பட்டாய், பார்த்தாய். மனிதர்களுக்கு இது நடக்கும். இயந்திரத்துக்கு நடக்காது.

போனில் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். சொன்னது சரி. ஸ்பீக்கரில் போட்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது, அது மட்டும்தான் தப்பு.

இந்த உறையை பஸ்ரா கராஜில், பக்தாத் வண்டி ஓட்டும் அபூ கைஸிடம் கொடுக்கிறேன். பக்தாதில் கை மாறி மோசூல் வர இரண்டு நாள் ஆகும்.

நஷ்வான்


மோசூல், ஸுஹூர்
ஜூன் 3

நஷ்வானுக்கு,

"தம்பி" என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். பேனா மைதான் வீண்.

ஸ்பீக்கரில் என்ன நடந்தது என்று உனக்குச் சரியாகத் தெரியாது, தெரிந்துகொள். மே 19 மாலை என் பெயரைப் பார்த்ததும் அம்மா குலவையிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். சுஆத் அத்தை மன்னுஸ்ஸமா மிட்டாய் ஒரு பெட்டி வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள். அந்த நேரத்தில் யாருக்கு போட்டோ எடுக்கத் தோன்றும்? மறுநாள் பட்டியலை அச்செடுக்கப் போனால் என் பெயரைக் காணோம். நியமன அலுவலகத்தில் "ஒரே பட்டியல்தான் போட்டோம், முதல் பட்டியல், ரெண்டாம் பட்டியல்னு எதுவும் கிடையாது" என்றார்கள். ஹதீலைக் கேட்டேன். பட்டியல் வந்த அன்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதவள். "எனக்குச் சரியா ஞாபகம் இல்லடி" என்றாள். அவள் பெயர் இன்னும் இருக்கிறதே, ஞாபகம் எப்படி இருக்கும்?

இதையெல்லாம் சொல்லத்தான் உனக்கு போன் போட்டோம். கூடத்தில் பதினோரு பேர். நீ என்ன சொன்னாய்? "அக்காவுக்கு வேணும்னு இருந்ததை அவ பார்த்திருக்கா." அத்தை வாயில் வைத்த தேநீர் அப்படியே நின்றது. இப்போது தெருவில் என்னைப் பார்த்தால் குரல் தாழ்த்துகிறார்கள். மிட்டாய்க்கடைக்காரன், "அடுத்த தடவை நல்லா உறுதி பண்ணிட்டு வாங்க தங்கச்சி" என்கிறான்.

இப்போது கேள். உன் கடிதம் இன்று காலை வந்தது. வேலைக்குக் கிளம்பும் முன் உன் பெட்டியையே திறந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மணி ஏழு. மே 19, மாலை 5:12 பக்கம். 240 பெயர்கள். 214: ரஃபல் ஹாஸிம் தனூன் யூனுஸ், ஆய்வகம்.

அம்மாவைக் கூப்பிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தாள். "இருக்குடி, உங்க அப்பா பேரோட இருக்கு" என்றாள். இந்தத் தடவை போட்டோ எடுத்தேன். ஸ்டூடியோவில் அச்செடுத்து உறைக்குள் வைத்திருக்கிறேன்.

இப்போது சொல். நீ குருடனா, பொய்யனா?

ஆட்சேபம் கொடுக்கக் கடைசி நாள் ஜூன் 19. அதன் பிறகு இந்தப் பட்டியல்தான் நிலைக்கும். அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இது வரவே ஆறு வருடம் ஆனது.

ரஃபல்


பஸ்ரா முகாம்
ஜூன் 5

அக்கா,

போட்டோ வந்தது. உள்ளறையில் மேசை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். என் சர்வரின் பக்கம்தான், என் எழுத்துருதான், மேலே நான் வைத்த சாம்பல் நிறப் பட்டைதான். 214-இல் உன் பெயர் இருக்கிறது.

உடனே திறந்தேன். மதியம் ஒன்றரை. 208 பெயர்கள். நீ இல்லை. சாயங்காலம் திறந்தேன். 208. இதற்கு முன் பார்த்ததையும் சேர்த்து எட்டுத் தடவை பார்த்துவிட்டேன். உன் கடிதம் வரும் முன்பே, இன்று காலை ஏழு மணிக்கும் முயன்றேன், வீட்டோடு தொடர்பே கிடைக்கவில்லை. தெருவுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர்காரன் தூங்கிவிட்டான் போல.

எனக்குப் புரியவில்லை. இதை எழுதவே கை வரவில்லை, ஆனால் புரியவில்லை. சேமித்த பக்கம் என்பது கல்லில் வெட்டியது மாதிரி. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று மாறாது. மாறுகிறது என்றால் யாரோ கை வைக்கிறார்கள். யார்? ஹதீலுக்குக் கணினி தெரிந்த அண்ணன் யாராவது இருக்கிறானா? லேப்டாப்பில் யார் உட்காருகிறார்கள்? அம்மா இன்னமும் அதன் மேல் டோல்மா சட்டியை வைக்கிறாளா? வைக்கக்கூடாது என்று நூறு தடவை சொன்னேன்.

நீ எப்போதெல்லாம் பார்த்தாய், என்ன தெரிந்தது, யார் கூட இருந்தார்கள் என்று மணியோடு எழுதி அனுப்பு. கதை வேண்டாம், கணக்கு வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: குருடன் இல்லை. பொய்யன் இல்லை. மூன்றாவதாக ஏதோ இருக்கிறது.

நஷ்வான்


மோசூல்
ஜூன் 7

நஷ்வான்,

கணக்கு கேட்டாய். எழுதுகிறேன்.

ஜூன் 3, காலை 7:00. பெயர் இருந்தது. அம்மா சாட்சி.
அதே நாள் மாலை 4:00. இல்லை.
ஜூன் 5, காலை 6:40. இருந்தது.
ஜூன் 6, காலை 6:40. இல்லை. அதே நாற்காலி, அதே கண்.
ஜூன் 7, அதாவது இன்று, காலை 6:30. இருந்தது.
இன்று காலை 10:00. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

போட்டோவை எடுத்துக்கொண்டு அன்றைக்கே அலுவலகம் போனேன் என்று நினைக்காதே, நேற்றுதான் போனேன். ஜன்னலில் இருந்த எழுத்தர் நல்ல மாதிரியான மனிதர், நரைத்த மீசை. போட்டோவைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, போட்டோல யார் பேரை வேணும்னாலும் எழுதலாம். அந்தப் பக்கத்தையே கொண்டாங்க, நானே பார்க்கறேன்" என்றார்.

இன்று காலை பெயர் தெரிந்ததும் லேப்டாப்பை அணைத்துத் துண்டில் சுற்றி டாக்ஸியில் எடுத்துப் போனேன். ஜன்னல் முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். எழுத்தர் என்னை உள்ளே கூப்பிட்டு, தன் மேசையில் இடம் ஒதுக்கி, தானே மின்கம்பியைச் செருகினார். "இன்டர்நெட் இல்லாம பக்கம் எப்படிம்மா தெரியும்? இந்தாங்க" என்று தன் கணினியிலிருந்து இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கி என் லேப்டாப்பில் மாட்டினார். அவ்வளவு உதவி.

திறந்தேன். மே 19, மாலை 5:12. 208 பெயர்கள்.

மறுபடி திறந்தேன். 208. எழுத்தர் ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார். அது திட்டுவதைவிட மோசம். வரிசையில் இருந்த ஒருத்தி, "பாவம், வீட்டுல கல்யாணத்துக்குச் சொல்லி வெச்சிருப்பாங்க, வேலை கிடைச்சிடுச்சுன்னு" என்றாள். நான் காது கேட்காத மாதிரி துண்டைச் சுற்றினேன்.

நஷ்வான், நான் ஆய்வகத்தில் வேலை செய்பவள். ஒரே ஆளின் ரத்தம் காலையில் ஒன்றும் மதியம் ஒன்றும் சொன்னால் நான் ஆளைச் சந்தேகப்பட மாட்டேன், கருவியைச் சந்தேகப்படுவேன். நீ ஆளைச் சந்தேகப்பட்டாய். அந்த ஆள் உன் அக்கா.

ஆனால் இன்று டாக்ஸியில் திரும்பும்போது முதல் தடவையாக எனக்கும் என் மேல் சந்தேகம் வந்தது. உண்மையிலேயே பார்த்தேனா? அம்மாவும் பார்த்தாளா, இல்லை எனக்காகப் பார்த்ததாகச் சொன்னாளா? போட்டோவை எடுத்துப் பார்த்தால் இருக்கிறது. அதுவும் நாளைக்கு மாறிவிடுமோ என்று பையில் வைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். இப்படி ஆகிவிட்டேன்.

அம்மா ஹர்மல் விதையைக் கரியில் போட்டு உன் பெட்டியைச் சுற்றிப் புகை காட்டினாள். "கண்ணு பட்டிருக்கு. யூசுஃப் வீட்டுக்காரி அன்னைக்கே ஒரு மாதிரி பார்த்தா" என்கிறாள். பெட்டியை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். நீ தெளிவாக ஏதாவது சொல்லும் வரை அதைத் திறக்க மாட்டேன்.

பன்னிரண்டு நாள் இருக்கிறது.

ரஃபல்


பஸ்ரா முகாம்
ஜூன் 9

அக்கா,

முதலில் புகை. லேப்டாப்பின் விசிறி அந்தப் புகையை உள்ளே இழுத்தால் ஹார்ட் டிஸ்க் போய்விடும். அம்மாவிடம் சொல், கண் பட்டிருந்தால் எனக்குச் சுற்றட்டும், இயந்திரத்துக்கு வேண்டாம்.

இரண்டு நாளாக இதைத்தான் யோசிக்கிறேன். வால்வு அளவுகளைத் தப்பாக எழுதி மேலாளரிடம் திட்டு வாங்கினேன். இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: சேமிப்பு கெட்டுப்போயிருக்கிறது. அந்தப் பட்டியல் இரண்டு தடவை சேமிக்கப்பட்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பிக் கிடக்கிறது. திறக்கும்போது எது கைக்கு வருகிறதோ அதைக் காட்டுகிறது. வேறு விளக்கம் இல்லை.

செய்ய வேண்டியது: லேப்டாப்பைத் திற. கேபிளை மாட்டு. அந்தப் பக்கத்துக்குப் போ. கீழே வலது மூலையில் சிவப்புப் பட்டன் ஒன்று இருக்கும், "சுத்தம் செய்" என்று. அதை அழுத்து. பழைய குப்பையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக ஒழுங்காகச் சேமித்துக்கொள்ளும். அதன் பிறகு நான் இங்கிருந்து பார்த்து என்ன உண்மை என்று சொல்கிறேன்.

யோசிக்காதே, அழுத்து. நேரம் இல்லை.

வரிசையில் அப்படிப் பேசியவளின் பெயர் தெரிந்தால் எழுது. சும்மாதான் கேட்டேன்.

நஷ்வான்


பஸ்ரா முகாம்
ஜூன் 11, அவசரம்

அக்கா, அழுத்தாதே.

சிவப்புப் பட்டனைத் தொடாதே. தொட்டிருந்தால் இந்தக் கடிதத்தை மேற்கொண்டு படிக்க வேண்டாம். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

இன்று காலை எங்கள் வண்டி ஓட்டுநர் ஹஸனைன் ஆறரைக்கு வந்தார், முகம் முழுக்கக் கோபம். "இன்டர்நெட்டை நிறுத்தித் தொலைச்சுட்டானுங்க. அந்தக் கெமிஸ்ட்ரி பேப்பர் வெளியாகக் கூடாதுன்னு நாடு முழுக்க இருட்டா இருக்கணுமாம்" என்றார். "எதை நிறுத்தினாங்க?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி நீ எந்த நாட்டுல இருக்கே? பரீட்சை சீசன். பரீட்சை இருக்கற நாள் எல்லாம் காலைல ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் நெட் கிடையாது. உங்க கம்பெனிக்கு வானத்துலேர்ந்து வருது, உனக்கு எங்க தெரியப் போகுது?"

எனக்குத் தெரியவில்லை, அக்கா. முகாமின் இணைப்பு செயற்கைக்கோள் வழியாக வருகிறது. ஒரு நாளும் நின்றதில்லை. நான் மோசூல்காரன் என்பதையே மறந்துவிட்டேன் போல.

உன் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஜூன் 3, 5, 7 காலை: இருந்தது. மூன்றும் பரீட்சை நாள், ஹஸனைனிடம் கேட்டுவிட்டேன். ஜூன் 6: பரீட்சை இல்லை, பெயரும் இல்லை. எட்டு மணிக்கு மேல் எப்போதும் இல்லை. நீ கண்ணால் பார்த்து எழுதி அனுப்பியதை நான் கண்ணால் படிக்கவில்லை.

இங்கே என்னிடம் இருக்கும் என் புரோகிராமின் நகலைத் திறந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் எழுதியது. இதே பரீட்சைக் காலம்தான், ஞாபகம் இருக்கிறதா? நெட் நிற்கும் நேரம் பார்த்து அம்மா கிப்பா செய்முறை தேடுவாள், "பாதியில நின்னு போச்சுடா" என்று கத்துவாள். அதற்காகத்தான் இந்த சர்வரைச் செய்தேன். நெட் இருந்தால் புதியதை வாங்கிக் காட்டு, இல்லாவிட்டால் சேமித்ததைக் காட்டு. அப்படித்தான் எழுதியிருக்கிறேன், என் கையால். பிறகு அது நிறையச் சேமிக்கிறது என்று பெருமை வந்து, சாம்பல் பட்டை ஒட்டி, தேதி போட்டு, "காப்பகம்" என்று பெயர் வைத்தேன். அந்த ஒரு வரியை மாற்ற மறந்துவிட்டேன்.

அதனால் நெட் இருக்கும்போதெல்லாம் மேலே மே 19 என்று போட்டுவிட்டு, கீழே அலுவலகத்தின் இன்றைய பட்டியலை வாங்கிக் காட்டுகிறது. நெட் இல்லாதபோதுதான் நீ அன்று பார்த்ததைக் காட்டுகிறது. எழுத்தர் கேபிளை மாட்டியதும் உன் பெயர் போனது அதனால்தான். நான் இங்கிருந்து பார்க்க வேண்டும் என்றால் நெட் வேண்டும். நெட் இருந்தால் நீ இருக்க மாட்டாய். நான் நூறு வருடம் பார்த்திருந்தாலும் உன் பெயர் எனக்குத் தெரிந்திருக்காது.

சேமித்த கோப்பையே நேராகத் திறந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன். திறக்கவில்லை. நிச்சயமாக இருந்தவன் எதற்குத் திறப்பான்? இப்போது திறக்கலாம் என்றால் லேப்டாப் அலமாரியில் அணைந்து கிடக்கிறது. ஒரே ஒரு பிரதி அதற்குள்தான். சிவப்புப் பட்டன் அதை அழித்துவிட்டு இன்றைய பட்டியலை அங்கே வைத்துவிடும். அதை அழுத்து, யோசிக்காதே என்று எழுதியவன் நான்.

உங்கள் இருவர் போனும் அடைப்பு. சுஆத் அத்தைக்குப் போட்டேன். "மெஷின் விஷயம் எல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. மன்னிப்புக் கேக்கறதா இருந்தா சொல்லு, எடுத்துட்டுப் போறேன்" என்றாள். "மன்னிப்பு இல்ல அத்தை, பட்டன்" என்றேன். வைத்துவிட்டாள். மறுபடி எடுக்கவில்லை.

அபூ கைஸிடம் இதை இரவோடு இரவாகக் கொண்டுபோகச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். கேபிளைப் பிடுங்கு. பட்டனைத் தொடாதே.

நஷ்வான்


மோசூல்
ஜூன் 12

நஷ்வான்,

உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. "யோசிக்காதே, அழுத்து" என்று எழுதியிருந்தாய். நான் அழுத்தவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஆய்வகத்தில் கருவி தப்பாகக் காட்டினால் முதல் வேலையாக மாதிரியைக் கொட்டுகிறவனை நாங்கள் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. இரண்டாவது காரணம், அழுத்தச் சொன்னவன் நீ.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். காலைக்கும் மாலைக்கும் என்னென்ன வித்தியாசம் என்று எழுதினேன். வெளிச்சம். ஜெனரேட்டர் மின்சாரமா, அரசு மின்சாரமா. அம்மா கூட இருக்கிறாளா. சூடு. புகை. கேபிள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன், மற்றதெல்லாம் அப்படியே. திரைச்சீலையை மூடினேன், 208. ஜெனரேட்டருக்கு மாற்றினேன், 208. அம்மாவை வெளியே போகச் சொன்னேன், "என் வீட்டுலேர்ந்து என்னையே போகச் சொல்றா" என்று போனாள், 208. கேபிளைப் பிடுங்கினேன்.

240.

மாட்டினேன், 208. பிடுங்கினேன், 240. பத்துத் தடவை செய்தேன். ஏழாவது தடவை அம்மா வந்து, "போதும் விடுடி, பாவம் அது" என்றாள்.

இப்போது எனக்கு ஒன்று புரியவில்லை, நீதான் சொல்ல வேண்டும். இரண்டில் எது உண்மை? நான் அன்று பார்த்தது கேபிள் இல்லாமல் வருவதுதான். ஆனால் நான் பார்த்தேன் என்பதற்காக அது உண்மை ஆகுமா? அந்தப் பெட்டி எதையாவது தானாகக் கற்பனை செய்யுமா? கேபிள் இருந்தால் ஒரு பேச்சு, இல்லாவிட்டால் ஒரு பேச்சு பேசுகிற சாமானை எதற்குடா செய்தாய்?

பதிலை, ஆட்சேபங்களை விசாரிக்கும் குழுவுக்குக் காட்டும்படி, கையெழுத்துப் போட்டு எழுது.

இன்னொன்று. காணாமல் போனது நான் மட்டும் இல்லை. முப்பத்திரண்டு பேர். பெயருக்குப் பக்கத்தில் வேலை செய்யும் இடமும் இருக்கிறது. ஓர் எண்ணம் வந்திருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன்.

ரஃபல்


பஸ்ரா முகாம்
ஜூன் 14

அக்கா,

உன் கடிதத்தைக் கராஜிலேயே நின்று படித்தேன். "அழுத்தவில்லை" என்ற இடத்தில் அங்கிருந்த திண்டில் உட்கார்ந்துவிட்டேன். அபூ கைஸ், "வீட்டுல ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டார். "இல்ல, என் பேச்சை யாரும் கேக்கல" என்றேன்.

என் பதினொன்றாம் தேதிக் கடிதம் இதற்குள் வந்திருக்கும். நான் புரோகிராமைத் திறந்து கண்டுபிடித்ததை நீ திரைச்சீலையை மூடிக் கண்டுபிடித்திருக்கிறாய்.

சேமித்தது கற்பனை செய்யாது. அதைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். "நஷ்வான் ஹாஸிம் தனூன் ஆகிய நான் எழுதிய புரோகிராமில் ஒரு தவறு உண்டு" என்று ஆரம்பித்து என்ன தவறு, ஏன் அப்படி என்று முழுவதும் இருக்கிறது. கையெழுத்தும் கட்டை விரல் ரேகையும் வைத்திருக்கிறேன்.

ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், இது போதாது. "தம்பி செஞ்ச மெஷின், தம்பி எழுதின காகிதம், அக்கா பேரு" என்பார்கள். குழுவில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்வேன். என் முகாம் பணிமுறை 24-ஆம் தேதிதான் முடிகிறது. அதற்கு முன் வெளியே விட மாட்டோம் என்கிறார்கள், கேட்டுவிட்டேன்.

உன் எண்ணம் என்ன?

நஷ்வான்


மோசூல்
ஜூன் 18

நஷ்வானுக்கு,

இன்று காலை குழுவின் முன் போய்விட்டு வந்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த முப்பத்திரண்டு பேரில் பதினாலு பேரை, வேலை செய்யும் இடத்தை வைத்துத் தேடிப் பிடித்தேன். யாரிடமும் என்னிடம் பட்டியல் இருக்கிறது என்று சொல்லவில்லை. போன் செய்து ஒரே கேள்விதான் கேட்டேன்: "மே 19 அன்னைக்கு உங்க பேரைப் பார்த்தீங்களா? எந்த நம்பர்லன்னு ஞாபகம் இருக்கா?" ஐந்து பேர் வைத்துவிட்டார்கள். இரண்டு பேர் நம்பர் ஞாபகம் இல்லை என்றார்கள். ஏழு பேர் ஞாபகம் இருக்கிறது என்றார்கள். ஹம்தானியாவில் மருந்தகத்தில் இருக்கிற பெண் ஒருத்தி, கேட்டதும் அழ ஆரம்பித்துவிட்டாள். "நீங்களும் பார்த்தீங்களா? எங்க வீட்டுக்காரர் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு சொல்லிட்டிருக்கார்" என்றாள். ஒரு மாதமாக அவளும் யாரிடமும் பேசாமல் இருந்திருக்கிறாள்.

அந்த நம்பரை என்னிடம் சொல்லாமல், அவரவர் கையால் காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுவரச் சொன்னேன். என்னிடம் காட்டக் கூடாது என்றும் சொன்னேன்.

எட்டு பேரும் லேப்டாப்போடு ஒன்றாக உள்ளே போனோம். குழுத் தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அதே நரைத்த மீசை எழுத்தர் என்னைப் பார்த்ததும் எழுந்து, பாவம், உதவி செய்யக் கேபிளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதை மட்டும் தொடாதீங்க."

உன் தாளைக் கொடுத்தேன். தலைவர் படித்துவிட்டு நீ சொன்ன வார்த்தையையே சொன்னார்: "தம்பி செஞ்ச மெஷினா?" நான் சொன்னேன், "ஆமா. தப்பாச் செஞ்ச மெஷின். அதை நம்ப வேண்டாம். முதல்ல இந்த உறைகளைப் பிரிங்க. அப்புறம் மெஷினைத் திறங்க. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா, இவங்க ஏழு பேரும் என் தம்பியைப் பார்த்ததே இல்லைங்கறதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க."

ஏழு உறை. ஏழு நம்பர். தலைவர் சத்தமாகப் படிக்கப் படிக்க எழுத்தர் திரையில் விரல் வைத்துத் தேடினார். ஐந்து அப்படியே ஒத்துப்போயின. ஒருத்தர் ஒன்று தள்ளிச் சொல்லியிருந்தார், ஒருத்தர் இரண்டு இலக்கத்தை மாற்றி எழுதியிருந்தார். மருந்தகப் பெண்ணின் நம்பர் 229. எழுத்தர் "இருக்கு" என்றதும் அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

தலைவர் தேநீர் வரவழைத்தார். பிறகு, "ஒரே பட்டியல்தான்னு யார் எழுதிக் கொடுத்தது?" என்று எழுத்தரைக் கேட்டார். எழுத்தர் தரையைப் பார்த்தார். எட்டு ஆட்சேபங்களையும் பதிவு செய்து சீட்டு கொடுத்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு அலுவலக இணையதளத்திலிருந்து பட்டியலை எடுத்துவிட்டார்கள். "மறுபரிசீலனையில்" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. வேலை கிடைக்குமா என்று இன்னும் தெரியாது. நான் பார்த்தேன் என்பது தெரிந்துவிட்டது. இன்றைக்கு அது போதும், நாளைக்குப் போதாது.

வேடிக்கை என்ன தெரியுமா? கேபிளை மாட்டினால் உன் காப்பகம் இப்போது "மே 19, மாலை 5:12: மறுபரிசீலனையில்" என்கிறது.

இனி உன் விஷயம். என் நம்பரைத் திறந்துவிடுகிறேன், ஆனால் இன்றைக்கு இல்லை. 23-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அதே பதினோரு பேரையும் கூப்பிட்டிருக்கிறேன். மிட்டாய்க்கடைக்காரரும் வருகிறார். இரண்டு மணிக்குத் திறப்பேன். நீ கூப்பிடலாம். ஸ்பீக்கரில்தான் போடுவேன். உனக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன், தெரியாது என்று பிறகு சொல்லாதே.

அந்த வரிசையில் பேசியவள் பெயர் கேட்டிருந்தாய். பெயர் ஸீனத். காணாமல் போன பட்டியலில் அவள் அண்ணன் இருக்கிறான், 231. உறை கொண்டுவந்த ஏழு பேரில் அவன் ஒருவன். இரண்டு இலக்கத்தை மாற்றி எழுதியவன் அவன்தான்.

ரஃபல்


பஸ்ரா முகாம்
ஜூன் 20

அக்காவுக்கு,

புரோகிராமில் அந்த வரியை மாற்றிவிட்டேன். நான் வரும் வரை கேபிளை மாட்டாதே, வந்து நானே போடுகிறேன். சிவப்புப் பட்டனை எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கூப்பிடுவேன். என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிப் பார்த்தேன். ஆறு தாள் கிழித்தேன், எல்லாவற்றிலும் புரோகிராம், செயற்கைக்கோள், பரீட்சை என்று விளக்கமாக இருந்தது. ஹஸனைனிடம் படித்துக் காட்டினேன். "இதுல எங்கடா உன் அக்கா?" என்றார்.

அதனால் இவ்வளவுதான் சொல்லப் போகிறேன்: "அவ பார்த்தா. நான்தான் பார்க்கல."

மிட்டாய்க்கடைக்காரர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் போனை வை. அவருக்கு நன்றாகக் கேட்கட்டும்.

தம்பி
நஷ்வான்